ராக்கி மலைப் பகுதியில் கோடைக்கால ஆர்.வி. பயணம்: குடும்பத்தோடு கிளம்புமுன் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ, வயோமிங், மொன்டானா, கொலராடோ மாநிலங்களில் விரிந்து கிடக்கும் ராக்கி மலைப் பகுதியைக் கோடை விடுமுறையில் ஆர்.வி. வண்டி எடுத்துச் சுற்றிப் பார்க்க விரும்பும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகின்றன. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் அடங்கிய இந்த வண்டியில் நாங்கள் மூன்று கோடைகள் அந்த மலைகளுக்குப் போய் வந்திருக்கிறோம். அதன்பின் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக நான் வைத்துக்கொள்வது, சால்ட் லேக் சிட்டியில் தொடங்கி கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் ஆகிய இரு தேசியப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு அங்கேயே வந்து முடியும் சுற்று.

இந்தச் சுற்றுக்கு எத்தனை நாள் வேண்டும்? வழி எப்படி?

10 இரவுகள் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். திட்டமிடும்போது பலரும் முதலில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சாலைகளால் இணைத்து, கடைசியில்தான் எங்கே தங்குவது என்று தேடுகிறார்கள். ஆர்.வி. பயணத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எந்த இரவு எந்த முகாமில் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த முகாம்களிலிருந்து எட்டக்கூடியவற்றை மட்டும் பார்ப்பதென்று வைத்துக்கொண்டால் குழந்தைகளும் பெரியவர்களும் களைத்துப்போக மாட்டார்கள்.

எங்கள் வழி இது. முதல் இரவு சால்ட் லேக் சிட்டியில் விடுதி அறை. மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு லோகன் பள்ளத்தாக்கின் வழியாக ஏறத்தாழ 125 மைல் தொலைவிலுள்ள பேர் லேக் ஏரிக்கரையில் இரண்டாம் இரவு. நீலமும் பச்சையும் கலந்த நீருடைய அந்த ஏரி யூட்டாவுக்கும் ஐடஹோவுக்கும் நடுவே கிடக்கிறது. புதிய வண்டியின் நீளமும் பின்புறத் துருத்தலும் கைக்குப் பழகுவதற்கு இந்தக் குறுகிய முதல் நாள் பெரிதும் உதவும். மூன்றாம் நாள் ஆஃப்டன், ஆல்பைன் ஊர்களைக் கடந்து ஸ்நேக் ஆற்றங்கரையோடு ஜாக்சன் நகருக்குப் போய், கிராண்ட் டீட்டன் பூங்காவின் கோல்ட்டர் பே முகாமில் 3 இரவுகள். பிறகு யெல்லோஸ்டோனில் 4 இரவுகள். அவற்றைக் கிழக்குப் பக்கத்தில் இரண்டு, மேற்குப் பக்கத்தில் இரண்டு என்று பிரித்துக்கொள்வது நல்லது. மேற்கு வாயில் வழியாக வெளியேறி, ஐடஹோ ஃபால்ஸ் வழியாகத் தெற்கே இறங்கி, லாவா ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் வெந்நீர்க் குளங்களில் உடம்பு வலி தீர ஊறிவிட்டு, பத்தாவது இரவை அங்கே கழித்து, மறுநாள் சால்ட் லேக் சிட்டி திரும்பலாம். பூங்காக்களுக்குள் அலைவதையும் சேர்த்தால் மொத்தம் 900 முதல் 1,000 மைல் வரும்.

வரைபடச் செயலி 5 மணி நேரம் என்று காட்டும் தூரத்தை ஆர்.வி. கடக்க ஆறரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு 200 மைல் என்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளேசியர் பூங்காவையும் சயான் பூங்காவையும் இதோடு சேர்த்துக்கொள்ள முடியாதா?

10 நாளில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யெல்லோஸ்டோனின் வடக்கு வாயிலிலிருந்து கிளேசியர் ஏறத்தாழ 400 மைல். அவ்வளவு தூரம் போனாலும், அந்தப் பூங்காவின் உயிரான ‘கோயிங் டு த சன்’ சாலையின் மலைப் பகுதியில், அதாவது அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையில், 21 அடிக்கு மேல் நீளமோ கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வாடகை ஆர்.வி.க்களில் மிகப் பெரும்பாலானவை இந்த அளவைத் தாண்டியவை. கிளேசியரிலிருந்து கனடாவுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்கள், இந்தியக் கடவுச்சீட்டில் வந்திருக்கும் பெற்றோருக்குக் கனடா விசா தனியாக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சயானின் சிக்கல் வேறு. அங்கே 1930இல் திறக்கப்பட்ட 1.1 மைல் சுரங்கப்பாதை அந்தக் காலத்துச் சிறிய கார்களுக்காகக் குடையப்பட்டது, ஆர்.வி.யின் உயரமும் அகலமும் அதில் தன் தடத்துக்குள் அடங்குவதில்லை. தெற்கு யூட்டாவின் ஜூலை வெயில் 38 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டுவதால், மின் இணைப்பு இல்லாத முகாமில் குழந்தைகள் தூங்கவும் முடியாது. சயான் போன்ற தெற்கு யூட்டாப் பூங்காக்களை ஏப்ரலுக்கோ அக்டோபருக்கோ ஒதுக்கி வையுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

பள்ளி விடுமுறைக்குள் போக வேண்டுமென்றால் ஜூன் கடைசி வாரம் அல்லது ஆகஸ்ட் இரண்டாம் பாதி. ஜூலையில்தான் நெரிசல் உச்சத்தில் இருக்கும். 2021 ஜூலையில் மட்டும் யெல்லோஸ்டோனுக்கு வந்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். ஜூனில் பனி உருகி ஆறுகள் கரை புரண்டோடும், புல்வெளிகள் பச்சையாக இருக்கும், காட்டெருமைக் கன்றுகளைப் பார்க்கலாம், கொசுவும் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் பல மாநிலங்களில் பள்ளி திறந்துவிடுவதால் கூட்டம் குறைகிறது, ஆனால் காட்டுத்தீப் புகை வரும் வாய்ப்பு கூடுகிறது. எந்த மாதமானாலும் குளிர் உடை வேண்டும். யெல்லோஸ்டோனின் பெரும்பகுதி 7,500 அடிக்கு மேல் இருப்பதால், பகலில் 25 டிகிரியாக இருக்கும் இடம் விடியற்காலையில் உறைநிலையை நெருங்குவது அங்கே வழக்கம்.

எந்த வகை வண்டியை எடுப்பது?

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் ‘கிளாஸ் சி’ வகைதான் குடும்பங்களுக்கு ஏற்றது. நால்வர் என்றால் 25 அடி போதும். தாத்தா, பாட்டியோடு ஆறு பேர் என்றால் 30 அடி. பேருந்து போன்ற ‘கிளாஸ் ஏ’ முதல் பயணத்துக்கு வேண்டாம். வேன் அளவிலான ‘கிளாஸ் பி’ ஓட்ட இனிமையானது, ஆனால் இருவருக்குத்தான் வசதி. சொந்தமாகப் பெரிய பிக்கப் வண்டியும் இழுத்துப் பழக்கமும் உள்ளவர்களுக்கு மட்டுமே டிரெய்லர் சரி.

அளவில் ஆசைப்படாதீர்கள். கூடும் ஒவ்வோர் அடிக்கும் நீங்கள் தங்கக்கூடிய முகாமிடங்களும் நிறுத்தக்கூடிய இடங்களும் குறைகின்றன.

முகாமிடத்தை எப்போது பதிவு செய்ய வேண்டும்?

யெல்லோஸ்டோனில் மேடிசன், கேன்யன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே, ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய ஐந்து முகாம்களையும் பூங்காவின் விடுதிகளை நடத்தும் நிறுவனமே நடத்துகிறது. அவற்றின் பதிவு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே திறந்துவிடுகிறது. பூங்காத் துறை நேரடியாக நடத்தும் முகாம்களும், கிராண்ட் டீட்டனின் பெரும்பாலான முகாம்களும் ‘ரெக்ரியேஷன் டாட் கவ்’ தளத்தில் பெரும்பாலும் 6 மாதத்துக்கு முன் திறக்கின்றன. திறக்கும் நாளன்று மலை நேரப்படி காலையில் கணினி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

யெல்லோஸ்டோனுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் இணைக்கக்கூடிய ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ். கரடிகள் அடிக்கடி நடமாடும் பகுதி என்பதால் அங்கே துணிக் கூடாரங்களுக்கும் துணிச் சுவருள்ள வண்டிகளுக்கும் இடமில்லை. கிராண்ட் டீட்டனில் கோல்ட்டர் பே ஆர்.வி. பார்க், இரு பூங்காக்களுக்கும் நடுவே ஹெட்வாட்டர்ஸ் ஆகியவற்றிலும் மூன்று இணைப்புகளும் உண்டு. பதிவு செய்யும்போது வண்டியின் உண்மையான நீளத்தைக் குறிப்பிடுங்கள். 25 அடி என்று பதிந்துவிட்டு 30 அடி வண்டியோடு போய் நின்றால் அது அந்த இடத்தில் நுழையாது. மாற்றுக் கொடுக்க அன்றைக்கு வேறு இடமும் இருக்காது.

இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பயண நாள் நெருங்க நெருங்கப் பலர் ரத்து செய்வார்கள். தினமும் காலையும் இரவும் பார்த்துக்கொண்டே இருந்து நாங்கள் மேடிசனில் இரண்டு இரவு பிடித்தோம். வாயிலுக்கு வெளியே வெஸ்ட் யெல்லோஸ்டோனிலும் கார்டினரிலும் தனியார் முகாம்கள் உள்ளன. தேசிய வனங்களில் கட்டணமில்லாமல் தங்க அனுமதிக்கும் இடங்களும் உண்டு, ஆனால் முதல் முறை வருபவர்களுக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை.

மின் இணைப்பு இல்லாத முகாமில் எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்கலாம், கணக்குத்தான் முக்கியம். விளக்கும் தண்ணீர்ப் பம்பும் வண்டியின் பேட்டரியில் ஓடும். அடுப்பு, குளிர்பெட்டி, வெந்நீர், அறை சூடேற்றி ஆகியவை புரொப்பேன் வாயுவில் ஓடும். மைக்ரோவேவ், குளிர்சாதனம், சுவர்ப் பிளக்குகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஜெனரேட்டர் வேண்டும். அதை முகாமில் குறிப்பிட்ட பகல் நேரத்தில்தான் ஓட்டலாம், சில முகாம்களில் ஓட்டவே கூடாது.

உண்மையில் முதலில் தீர்வது தண்ணீர். இந்த வண்டிகளில் நல்ல தண்ணீர்த் தொட்டி பொதுவாக 40 கேலன் அளவில் இருக்கும், அதாவது 150 லிட்டர். சவர் குழாயைத் திறந்துவிட்டுக் குளித்தால் நிமிடத்துக்கு 2 கேலன் போய்விடும். நான்கு பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் முதல் நாளே தொட்டி காலி. நாங்கள் ஒரு சின்ன வாளியும் சொம்பும் வாங்கி வைத்துக்கொண்டோம். ஊரில் குளித்த மாதிரி மொண்டு ஊற்றிக் குளித்தபோது ஆளுக்கு அரை வாளி போதுமானதாக இருந்தது, 3 நாள் தண்ணீர் தாங்கியது.

கழிவுத் தொட்டியைக் காலி செய்வது கடினமா?

இரண்டு முறை செய்தால் பழகிவிடும். குளியல், பாத்திரம் கழுவிய நீர் ‘கிரே’ தொட்டியிலும் கழிப்பறைக் கழிவு ‘பிளாக்’ தொட்டியிலும் சேர்கின்றன. கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் கையுறை போட்டுக்கொண்டு, குழாயை இறுகப் பொருத்தி, முதலில் பிளாக் தொட்டியையும் அது முழுதும் வடிந்தபின் கிரே தொட்டியையும் திறக்க வேண்டும்; அப்போதுதான் பின்னால் வரும் சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். கழிவுக் குழாய் இணைத்த முகாமில் தங்கும்போதும் பிளாக் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிவிட்டு, திடக்கழிவு அடியில் இறுகிவிடும். குடிநீர் பிடிக்கும் குழாயைக் கழிவுப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

மலைச் சாலையில் இவ்வளவு பெரிய வண்டியை என்னால் ஓட்ட முடியுமா?

சாதாரண கார் உரிமமே வாடகை ஆர்.வி.க்குப் பொதுவாகப் போதுமானது. பொறுமையும் சில பழக்கங்களும் இருந்தால் ஓட்டவும் முடியும். எனக்கு முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் அது நிதானமாக மாறியிருந்தது.

ஏறுவது வண்டியின் கவலை, இறங்குவதுதான் ஓட்டுநரின் கவலை. உயரம் ஒவ்வோர் ஆயிரம் அடி கூடும்போதும் சாதாரணப் பெட்ரோல் இன்ஜின் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும் என்பதால், 8,000 அடியில் வண்டி முனகிக்கொண்டு ஏறும். வலது தடத்தில் மெதுவாகப் போய், பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கிடத்தில் நின்று வழி விடுங்கள். இறங்கும்போது சரிவு தொடங்குவதற்கு முன்பே ‘டோ ஹால்’ பொத்தானை அழுத்திக் கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வேகம் கூடும்போது உறுதியாக ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுதும் எடுத்துவிடுங்கள். மீண்டும் கூடினால் மீண்டும் அழுத்துங்கள். கருகிய வாடை வந்தால் உடனே ஒதுங்கி நிறுத்தி ஆற விடுங்கள்.

சில சாலைகளைத் தொடவே வேண்டாம். ஐடஹோவிலிருந்து ஜாக்சனுக்குள் இறங்கும் டீட்டன் கணவாய் 8,431 அடி உயரத்தில், 10 சதவீதச் சரிவோடு இருக்கிறது. 2024 ஜூனில் மண் சரிந்து அந்தச் சாலையின் ஒரு பகுதி அப்படியே பெயர்ந்து போய், சில வாரங்களில் மாற்றுப் பாதை அமைத்துத் திறந்தார்கள். செயலி அந்த வழியைக் காட்டினாலும் நீங்கள் ஆல்பைன் வழியாகவே வாருங்கள். கிராண்ட் டீட்டனுக்குள் மூஸ்-வில்சன் சாலையில் ஆர்.வி.க்களுக்கு அனுமதி இல்லை. 10,947 அடி வரை ஏறும் பேர்டூத் நெடுஞ்சாலை அழகானது, ஆனால் ஊசிமுனை வளைவுகள் நிறைந்தது. அதைக் காரில் வரும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொலராடோவிலிருந்து வருபவர்கள் தெற்கு வயோமிங்கின் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் காற்று எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே வீசும் காற்று உயரமான வண்டிகளைச் சாய்த்துவிடும் வலுவுள்ளது.

வண்டியின் உயரம் ஏறத்தாழ 12 அடி. சரியான அளவை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். பெட்ரோல் நிலையக் கூரையும் முகாம்களில் தாழ்ந்த மரக்கிளையும்தான் வாடகை வண்டிகளுக்கு அதிகமாகச் சேதம் உண்டாக்குகின்றன என்று வண்டியை ஒப்படைத்த ஊழியர் எங்களிடம் சொன்னார். பின்னோக்கி நகர்த்தும்போது எப்போதும் ஒருவர் இறங்கி, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று கை காட்ட வேண்டும்.

புறப்படும் ஒவ்வொரு முறையும் அலமாரிக் கதவுகளின் கொக்கியை ஒருவர் தொட்டுப் பார்க்கட்டும். லோகன் பள்ளத்தாக்கின் மூன்றாவது வளைவில் எங்கள் ஊறுகாய்ப் பாட்டில் மேலலமாரியிலிருந்து விழுந்து உடைந்தது. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி முடிக்கும் வரை என் மகள் இருக்கையிலிருந்து காலைக் கீழே வைக்கவில்லை. எண்ணெய் வாடை ஊர் திரும்பும் வரை தரை விரிப்பில் இருந்தது. அடுத்த பயணத்திலிருந்து கண்ணாடிப் பொருள் எதையும் மேலே வைப்பதில்லை.

செலவு எவ்வளவு ஆகும்?

வாடகை பருவத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறும் என்பதால், கணக்கில் விடுபட்டுப்போகும் செலவுகளையே இங்கே சொல்கிறேன். ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கிடைக்கும். 1,000 மைலுக்கு 125 கேலன் வரை ஆகும், கேலன் 4 டாலர் என்று வைத்தால் 500 டாலர். பல நிறுவனங்கள் ஓடும் மைலுக்கும் ஜெனரேட்டர் ஓடும் மணிக்கும் தனிக் கட்டணம் வாங்குகின்றன. படுக்கை விரிப்பு, சமையல் பாத்திரம் ஆகியவற்றுக்கும் பணம் கேட்பார்கள். அவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம்.

ஒரு நுட்பம்: இந்த மலை மாநிலங்களில் ‘ரெகுலர்’ என்று விற்கப்படும் பெட்ரோல் பெரும்பாலும் 85 ஆக்டேன். வண்டியின் கையேடு 87 கேட்டால் நடுப் பொத்தானை அழுத்துங்கள். பெட்ரோல் போடுமுன் புரொப்பேனை அணைத்துவிடுங்கள்.

உங்கள் சொந்தக் கார்க் காப்பீடும் கடன் அட்டை தரும் காப்பீடும் ஆர்.வி.யைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருக்கும். முன்பே தொலைபேசியில் கேட்டு, இல்லையென்றால் வாடகை நிறுவனத்தின் காப்பீட்டை எடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

நுழைவுக் கட்டணம் யெல்லோஸ்டோனுக்கு 35 டாலர், கிராண்ட் டீட்டனுக்கு 35 டாலர், தலா 7 நாள். மூன்று பூங்காக்களாவது போவீர்கள் என்றால் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான 80 டாலர் ஆண்டுச் சீட்டு லாபம். அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இலவசச் சீட்டு கிடைக்கும், வண்டியில் வருபவர்களும் அதிலேயே உள்ளே போகலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போகலாம், அவர்களுக்கு ஆர்.வி. விடுதியைவிட வசதி. பசித்தபோது சூடாகச் சாப்பிடலாம், மாத்திரை போட்டுக்கொண்டு சாயலாம், கழிப்பறை எப்போதும் பத்தடி தூரத்தில் இருக்கிறது.

உயரத்தை மட்டும் கவனியுங்கள். நான் சொன்ன வழியில் சால்ட் லேக் சிட்டி 4,300 அடி, பேர் லேக் 5,900 அடி, கோல்ட்டர் பே 6,800 அடி, யெல்லோஸ்டோனின் கிழக்குப் பக்க முகாம்கள் 7,800 அடி வாக்கில் என்று உடம்பு படிப்படியாகப் பழகும். இந்தச் சுற்றை நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் இரண்டு நாள் தலைவலியும் தூக்கக் குறைவும் வரலாம். தண்ணீர் நிறையக் குடிக்கச் செய்து, மெதுவாக நடக்க விடுங்கள். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. யெல்லோஸ்டோனுக்குள் மாமத், லேக், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பகுதிகளில் கோடையில் மருத்துவ நிலையங்கள் இயங்குவது வழக்கம். மேல்படுக்கையில் ஏறி இறங்குவது பெரியவர்களுக்கு ஆகாது. பின்னறைப் படுக்கையை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

2026 தொடக்கத்திலிருந்து கட்டணத்தில் பெரிய மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். அது இல்லாமல் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் உள்ளிட்ட 11 பூங்காக்களுக்கு வரும் 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். பெற்றோரோடு போகிறவர்கள் கிளம்புமுன் பூங்காவின் கட்டணப் பக்கத்தைப் படித்துவிட்டு, எல்லோருடைய அடையாளச் சான்றையும் கையோடு வைத்திருங்கள்.

குழந்தைகள் ஓடும் வண்டியில் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. வண்டி நகரும்போது எல்லோரும் முன்னோக்கிய இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை இருக்கையைச் சாப்பாட்டு மேசையின் முன்னோக்கிய பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பக்கவாட்டுச் சோபாவில் கட்டக் கூடாது. எல்லா வண்டிகளிலும் கொக்கி மாட்ட வளையம் இருக்காது என்பதால், பதிவு செய்யுமுன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் சமையல் அங்கே சரிப்படுமா?

நன்றாகச் சரிப்படும், பிரஷர் குக்கர் இருந்தால். யெல்லோஸ்டோனின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் நடுவில் சற்றுக் கடினமாகவே இருக்கும். குக்கரில் வழக்கத்தைவிட ஓரிரண்டு விசில் கூட விட்டால் குழைந்துவிடும். அரிசி, பருப்பு, பொடிகள், மோர் எல்லாவற்றையும் சால்ட் லேக் சிட்டியிலேயே வாங்கிவிடுங்கள். அதற்கு வடக்கே நம் சாமான் கிடைப்பது அரிது. குளிர்பெட்டி குளிர ஓர் இரவு ஆகும் என்பதால், வண்டியை எடுக்கும் நாளில் காய்கறியையும் பாலையும் ஏற்கெனவே குளிர வைத்தே உள்ளே வையுங்கள். தோசை மாவு கொண்டுபோனால் பாத்திரத்தில் பாதியளவே ஊற்றி, குளியல் தொட்டிக்குள் வைத்து ஓட்டுங்கள். பகல் சூட்டில் அது பொங்கி வரும், அங்கே வழிந்தால் கழுவ எளிது.

சாப்பிட்டு முடித்ததும் வெளியே ஒரு பருக்கைகூட இருக்கக் கூடாது. உணவு, எண்ணெய்ப் பாத்திரம், குப்பை, பற்பசை வரை வாசனையுள்ள அனைத்தையும் வண்டிக்குள்ளோ முகாமின் இரும்புப் பெட்டியிலோ பூட்ட வேண்டும். மனித உணவைச் சுவைத்த கரடி மீண்டும் மீண்டும் முகாமுக்கு வரும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாகிவிடுகிறது. நம் கவனக்குறைவுக்கு அந்த உயிர் விலை கொடுக்கக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விலங்குகளையும் வெந்நீர் ஊற்றுகளையும் பார்க்கும்போது எவ்வளவு தள்ளி நிற்பது?

கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம். காட்டெருமை, எல்க் மானிடமிருந்து 25 கஜம். யெல்லோஸ்டோனில் மனிதர்களை அதிகமாகக் காயப்படுத்தியிருப்பது கரடி அல்ல, காட்டெருமை. மாடு போலச் சாதுவாக நிற்பதைப் பார்த்துப் படம் எடுக்க நெருங்குகிறார்கள். அது மனிதனைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடக்கூடியது. நடைபாதைகளில் போகும்போது கரடி விரட்டும் ஸ்பிரேயை இடுப்பில் வைத்திருங்கள். அதை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

வெந்நீர் ஊற்றுப் பகுதியில் பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது. பார்க்கத் திடமான தரை போலத் தெரிவது சில இடங்களில் கொதிநீரின் மேல் படிந்த மெல்லிய ஓடு. சின்னக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள்.

பூங்காவுக்குள் ஆர்.வி.யை நிறுத்த இடம் கிடைக்குமா?

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் கிடைக்கும். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுள்ள மிட்வே பகுதியின் சிறிய நிறுத்தத்தில் நடுப்பகலில் காருக்கே இடமில்லை. ஓல்ட் ஃபெய்த்ஃபுல், கேன்யன் போன்ற இடங்களில் பெரிய வண்டிகளுக்கென்று தனி வரிசைகள் உண்டு. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை பீறிடும். அடுத்த நேரத்தை அங்கே எழுதிவைத்திருப்பார்கள். வசதியிருந்தால் ஓரிரு நாளுக்கு ஜாக்சனிலோ வெஸ்ட் யெல்லோஸ்டோனிலோ சிறிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆர்.வி.யை முகாமிலேயே விட்டுவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்த பயணத்தில்தான் லாமர் பள்ளத்தாக்கை விடியற்காலையில் பார்த்தோம். பனிமூட்டத்துக்குள்ளிருந்து காட்டெருமைகள் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்தபோது அவற்றின் மூச்சு வெண்புகையாக மேலே போனதை அம்மா இன்னும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொலைபேசி இணைப்பு இருக்குமா?

பெரும்பகுதியில் இருக்காது. வரைபடத்தையும் தேசியப் பூங்காத் துறையின் செயலியையும் முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், முகாம் பதிவுகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுத்தீ, புகை, மழை வந்தால்?

பிற்பகல் இடி மழை கோடையில் அன்றாடம் வரக்கூடியது என்பதால், மலையேற்றத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். புகை அடர்த்தியை ‘ஏர்நவ்’ தளத்தில் பார்க்கலாம். தீத்தடை அறிவிப்பு வந்தால் முகாமில் விறகு மூட்டக் கூடாது. சாலை எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். 2022 ஜூன் வெள்ளத்தில் யெல்லோஸ்டோனின் வடக்கு வாயில் சாலை ஆற்றோடு போனது, பூங்கா முழுவதையும் சில நாள் மூடினார்கள். ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வாடகையையே தேர்ந்தெடுங்கள். திட்டத்தில் ஒரு நாளைக் காலியாகவும் வைத்திருங்கள்.

வண்டியை எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் எதைக் கவனிப்பது?

எடுக்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊழியர் விளக்குவதை ஒருவர் கேட்க, இன்னொருவர் காணொளியாக எடுக்கட்டும். இரவில் சூடேற்றி ஓடாதபோது அந்தக் காணொளிதான் கைகொடுக்கும். கூரை, டயர், முன்கண்ணாடி, உள்தரை எல்லாவற்றையும் படம் எடுத்து, பழைய கீறல்களை ஒப்பந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அடுப்பு, வெந்நீர், பம்பு, ஜெனரேட்டர் ஒவ்வொன்றையும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். எங்கள் முதல் பயணத்தில் நேரமாகிவிட்டது என்று வெந்நீரைச் சோதிக்காமல் கிளம்பிவிட்டோம். பேர் லேக்கில் அது பற்றவே இல்லை, பாட்டிக்கு அடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தோம்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் பிற்பகல் விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். இரு கழிவுத் தொட்டிகளையும் காலி செய்ய வேண்டும், பெட்ரோலை எடுத்த அளவுக்கு நிரப்ப வேண்டும், தரையைப் பெருக்க வேண்டும். இதில் எது விட்டாலும் தண்டத் தொகை உண்டு. இவற்றை லாவா ஹாட் ஸ்பிரிங்ஸ் முகாமிலேயே முடிந்தவரை முடித்துவிட்டுக் கிளம்பினால், சால்ட் லேக் சிட்டியில் பெட்ரோல் போடும் வேலை மட்டும்தான் மிஞ்சும். சாவியைக் கொடுக்குமுன் மேல்படுக்கையின் மூலைகளையும் குளிர்பெட்டியின் உள்தட்டையும் ஒருமுறை கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். பாட்டியின் மாத்திரை டப்பாவும் குழந்தையின் ஒற்றைச் செருப்பும் அங்கேதான் கிடக்கும்.